டிக்கியில் ஒரு சாம்பல் நிறத் தொட்டி

இன்று காலை பட்டணம்காத்தான் பக்கம் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினேன். பங்க்கில் வேலை பார்க்கும் பெண் மூடியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்து, நெற்றிக்குள் ஏறுகிற வாடை. பர்ஸைத் தேடிக்கொண்டிருந்த நான் என்னை அறியாமல் இடது பக்கக் கதவைப் பார்த்தேன். நீ இந்நேரம் இறங்கியிருப்பாய். மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்திருப்பாய். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தப் பெண்ணின் முகத்தை விட்டுவிட்டு, குழாயைப் பிடித்திருக்கும் அவள் கையையே பார்த்தபடி நின்றிருப்பாய்.

"முகத்தைப் பாக்காதடி சரசு. முகம் பொய் சொல்லப் பழகிக்கிரும். கை பழகாது" என்பாய்.

சுங்கத்துறையில் பெண்களைச் சோதனை போடும் வேலையில் நீ பாதி ஆயுளைக் கழித்தவள். மண்டபத்திலும் தொண்டியிலும் எத்தனை பைகள், எத்தனை கூந்தல்கள், எத்தனை டிபன் பாத்திரங்கள் உன் கையில் பிரிந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை ஓயவில்லை. என் வீட்டுக்கு வந்தால் நான் வாங்கி வைத்திருக்கும் பருப்பை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பாய். உன் மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, அந்த வீட்டார் காட்டிய வீடு அவர்களுடையதுதானா என்று எதிர்க்கடையில் போய் விசாரித்தாய். எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து உன்னைத் தெரியும் என்பதால் எனக்கு இதெல்லாம் வேடிக்கை. மற்றவர்களுக்கு எரிச்சல்.

அந்தக் கார் ராலியைப் பற்றி முதலில் உன்னிடம் சொன்னது நான்தான். நான் வேலை பார்த்த காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு ஒரு குழு வந்திருந்தது. பழைய கார்களை ராமேஸ்வரத்திலிருந்து ராஜஸ்தான் பாலைவனம் வரை ஓட்டிக்கொண்டு போவார்களாம். ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்ட வேண்டும். அது முழுக்கப் பிள்ளைகளுக்குக் காது கேட்கும் கருவி வாங்கப் போகும். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து அவருடைய வெள்ளை அம்பாசடர் கொட்டகையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. எனக்கு ஓட்டத் தெரியும். உனக்கு ஜீப்பே ஓட்டத் தெரியும். நாம் இரண்டு பேரும் போனால் என்ன என்று கேட்டேன்.

நீ காபி டம்ளரைக் கீழே வைத்தாய்.

"இதுல யாருக்கு என்னடி லாபம்?"

"பிள்ளைகளுக்குத்தான்."

"அது அவுக சொல்றது. சொல்லாதது என்னன்னு கேக்குறேன்."

அத்தோடு விட்டாயா? போன வருடம் அந்தக் குழு கொடுத்த கருவியை மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றாய். என்னையும் இழுத்துக்கொண்டு தொண்டிக்குப் பஸ் ஏறினாய். வலை காயப்போட்டிருந்த ஒரு வாசலில் அந்தச் சிறுமி சோழிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நீ செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி அவள் பின்னால் போய் நின்று, மெதுவாக அவள் பெயரைச் சொன்னாய். வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்த அவள் அம்மா, பிள்ளை பிடிக்க வந்தவள் என்று நினைத்து உன் கையைப் பிடித்துவிட்டாள்.

"யாருக்கா நீங்க? பிள்ளைக்குப் பின்னால என்ன வேலை?"

நீ அந்தக் கையை விலக்காமலே என்னைப் பார்த்து, "பேரச் சொன்னதும் திரும்புனாடி" என்றாய். உன் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வண்டிய எங்கன ரிப்பேருக்கு விடப் போற?" என்று கேட்டாய். நீ வருகிறாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்காள்மடத்தில் ரோட்டோரம் இன்னாசியின் ஒர்க்‌ஷாப். பழைய வண்டி என்றால் ராமேஸ்வரம் தீவில் அவனைத்தான் சொல்வார்கள். கட்டி இழுத்துத்தான் கொண்டுபோனோம். தரைத்தகட்டை உப்புக்காற்று தின்றிருந்தது. காலை வைத்தால் கீழே மண் தெரிந்தது. என்ஜினை இறக்கினான். மணலில் அமுங்காமல் இருக்கப் பின்பக்க ஸ்பிரிங்கில் கமான் பட்டை ஒன்று கூட்டினான். கல் அடிக்காமல் என்ஜினுக்குக் கீழே தடித்த தகடு அடித்தான். நீ ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாய். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிடுவானோ என்று டைனமோவிலும் கார்புரேட்டரிலும் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தாய்.

"அக்கா, மாதாவுக்குப் பொதுவாச் சொல்றேன், ஒரு திருகாணி மாத்த மாட்டேன்" என்றான் அவன்.

"மாதாவுக்கு ஆயிரம் சோலி இருக்கும்ப்பா. எனக்கு இது ஒண்ணுதான் சோலி. நீ வேலையப் பாரு."

அவன் சிரித்தான். அவனுக்கு உன்னைப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

பாஸ்கரன் வந்தது அப்போதுதான். ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர், வெள்ளை வேட்டி, மெல்லிய குரல். ரோட்டில் போகும்போது வண்டியைப் பார்த்து இறங்கினேன் என்றார். ராலியைப் பற்றிக் கேட்டார். நம்ம ஊர்ப் பொம்பளைகள் இரண்டு பேர் இந்த வயதில் பாலைவனத்துக்குப் போவது பெருமை இல்லையா என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"டீச்சர், அங்கிட்டு ரொம்ப தூரத்துக்குப் பங்க்கே இருக்காது. டிக்கியில கூடுதலா ஒரு தொட்டி வேணும். என் ஆளுகள வச்சு நான் செஞ்சு தாரேன். காசு பேச்சே வேணாம். பிள்ளைகளுக்குன்னு வச்சுக்கங்க."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நீ அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவர் போனதும் நான் உன்னிடம் சண்டை போட்டேன். நல்லது செய்ய வருகிறவனைக்கூட இப்படியா பார்ப்பது, உன் சந்தேகத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு வருவது வராமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. சாவியை எடுத்து என் கையில் வைத்தாய். "எடுத்துட்டுப் போகட்டும். என்ன செய்றாருன்னுதான் பாப்பமே."

தொட்டியோடு வண்டி திரும்பி வந்தபோது எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. டிக்கியின் அடியில் ஒட்டினாற்போல் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்த இரும்புத் தொட்டி. பற்றவைத்த தழும்புகூடத் தெரியாமல் தேய்த்திருந்தார்கள். இன்னும் பெட்ரோல் ஊற்றவில்லை. நீ விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாய். மேலே ஒரு சத்தம், கீழே ஒரு சத்தம். பிறகு விளக்குமாற்றிலிருந்து நீளமான ஈர்க்கு ஒன்றை உருவி, தொட்டியின் வாய்க்குள் விட்டாய். முட்டி நின்ற இடத்தில் நகத்தால் பிடித்து, வெளியே எடுத்துத் தொட்டியின் ஓரத்தோடு வைத்துக் காட்டினாய். வெளியே முழங்கை ஆழம் இருந்த தொட்டி உள்ளே ஒரு சாண்தான் இருந்தது.

நான் ஈர்க்கை வாங்கி மறுபடியும் அளந்து பார்த்தேன்.

இன்னாசி படுத்து, வண்டிக்கு அடியில் போனான். அடித்தகட்டின் மேல் ஒட்டியிருந்த ரப்பர் பாயை உரித்தான். அதற்குப் பின்னால் திருகாணிகள். கழற்றினால் அகலமான அறை ஒன்று. உள்ளே ஒன்றும் இல்லை. சுற்றிலும் கம்பளித்துணி ஒட்டியிருந்தார்கள்.

"துணி எதுக்கு?" என்று கேட்டேன்.

"உள்ள வைக்கிறது ஆடிச் சத்தம் போடக் கூடாதுல்ல" என்றாய். "இப்ப காலியாத்தான் இருக்கும். கிளம்புற அன்னைக்கு இருக்காது. பிள்ளைகளுக்காகப் போற வண்டி, கொடியசைக்கப் பெரிய மனுசங்க வாராக, ஓட்டுறது ரெண்டு கிழவிக. வழியில எவன் நிறுத்துவான்?"

உடனே போலீஸுக்குப் போகலாம் என்றேன். வேண்டாம் என்றாய். "காலிப் பெட்டிய வச்சு யார் மேல கேஸ் போடுவாக? வண்டி உன் பேர்ல இருக்கு." இன்னாசியிடம், எல்லாவற்றையும் இருந்தபடியே மூடச் சொன்னாய். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றாய். பிறகு போனை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி, கருவேல மரத்தடியில் நின்று வெகுநேரம் பேசினாய். யாரிடம் பேசினாய் என்று கேட்டதற்கு, "மகன்கிட்ட" என்றாய். உன் மகனோடு நீ அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு நரகம். இன்னாசி பீடி குடிக்க வெளியே போனால், பாஸ்கரனுக்குச் சொல்லத்தான் போகிறானோ என்று தோன்றியது. தொட்டி வேண்டும் என்ற பேச்சு அவன் ஒர்க்‌ஷாப்பில்தானே ஆரம்பித்தது? ஸ்கூட்டரை ரிப்பேருக்கு விட வந்த ஒரு வழுக்கைத் தலைக்காரர் என் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மீதும் சந்தேகம். கடைசியில் உன் மீதும் வந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த உத்தியோகத்தில் இருந்தவளுக்கு இந்தக் கடற்கரையில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமலா இருக்கும்? பாஸ்கரனை முன்பே தெரிந்திருக்குமோ? வாயை மூடிக்கொண்டிரு என்று ஏன் சொல்கிறாய்? நீ என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் வைத்த மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிடும்போது, நான் உன் முகத்தைப் படிக்க முயன்று தோற்றேன்.

ராலிக்கு முந்தின நாள் பாஸ்கரன் மறுபடி வந்தார். வண்டியைக் கழுவி, ஸ்டிக்கர் ஒட்டி, காலையில் ராமேஸ்வரத்துக்கு நானே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றார். நீ சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாய்.

மறுநாள் கடற்கரையோரம் வண்ண வண்ணமாகப் பழைய கார்கள் நின்றன. பள்ளிப் பிள்ளைகள் காகிதக் கொடிகளோடு வந்திருந்தார்கள். நமது வெள்ளை வண்டி மாலையும் எலுமிச்சம்பழமுமாக வந்து நின்றது. பாஸ்கரன் இறங்கி உன்னிடம் சாவியை நீட்டினார். நீ வாங்கிக்கொண்டு முன்கதவைத் திறந்து பிடித்தாய்.

"இம்புட்டுச் செஞ்சிருக்கீக. பாம்பன் பாலம் வரைக்கும் எங்ககூட வாங்க. முன்னால உக்காருங்க."

"இல்லம்மா, எனக்குக் கம்பெனியில வேலை கிடக்கு."

"பாலம் வரைக்கும்தான. உங்க கையாலதான் கிளம்பணும்."

அவர் மோதிரத்தைத் திருகிக்கொண்டே ஓரடி பின்னால் வைத்தார். பின்னால் நின்றவர் மேல் இடித்துக்கொண்டார். ஸ்கூட்டர் ரிப்பேருக்கு வந்திருந்த அதே வழுக்கைத் தலைக்காரர். அவரோடு இன்னும் சிலர். அவர்கள் டிக்கியைத் திறந்தார்கள், அடியில் படுத்தார்கள். கறுப்பு டேப் சுற்றிய பொட்டலங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அக்கரையிலிருந்து படகில் வந்த தங்கம் என்று பிறகு சொன்னார்கள்.

பாஸ்கரன் என்னைக் கை காட்டினார். குரல் அப்போதும் மெல்லியதாகவே இருந்தது. "டீச்சர் வண்டிங்க. டீச்சரக் கேளுங்க."

பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், தலைமையாசிரியை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ என் முழங்கையைப் பிடித்திருந்தாய். விழாமல் இருக்கப் பிடித்தாயா, ஓடாமல் இருக்கப் பிடித்தாயா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அந்த வழுக்கைத் தலைக்காரர் உன்னோடு வேலை பார்த்த அதிகாரி. காலி அறையை அவர் முன்பே வந்து பார்த்திருந்தார். முந்தின நாள் வண்டி பாஸ்கரனின் கொட்டகைக்குள் போனதையும் வந்ததையும் அவருடைய ஆட்கள் பார்த்திருந்தார்கள். அதனால் நான் தப்பித்தேன். பாஸ்கரனைக் கொண்டுபோனார்கள். வண்டியையும்தான். மற்ற கார்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிப் போனதை நாம் இரண்டு பேரும் ரோட்டோரம் நின்று பார்த்தோம்.

நீ சரியாகச் சந்தேகப்பட்டாய். ஆனால் அதற்கு விலை இருந்தது. நன்கொடை வண்டியில் தங்கம் என்று ஊரெல்லாம் பேச்சு. தருவதாகச் சொன்னவர்கள் பலர் பின்வாங்கினார்கள். அந்த வருடம் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் கருவி கிடைத்தது. தலைமையாசிரியை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் நீ அவர் அறைக்கே போனாய். நானும் வாசலில் நின்றேன்.

"நாங்க வாய மூடிக்கிட்டுப் போயிருந்தா எல்லாப் பிள்ளைக்கும் கிடைச்சிருக்கும். எனக்குத் தெரியும்மா" என்றாய். "மீதிப் பிள்ளைகளுக்கு அடுத்த வருசம் நாங்க கொண்டு வாரோம்."

அதற்காக நீ அலைந்த அலைச்சல்! உத்தரகோசமங்கையில் தேர் இழுக்க வந்த கூட்டத்தில்கூட உண்டியலோடு நின்றாய். யாராவது போட்டால், போட்டவரை ஏற இறங்கப் பார்ப்பாய். அதைக் கண்டு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டவர்கள் உண்டு. வண்டியை மீட்க வக்கீலை நீ பேசவிடவில்லை, நீயே பேசினாய். வெயிலிலும் மழையிலும் நின்று மறுபடி துருப்பிடித்துப்போயிருந்த அதை இன்னாசி இரண்டாவது முறை பிரித்துப் பூட்டினான். இந்தத் தடவை கூடுதல் பெட்ரோலுக்கு வெள்ளை பிளாஸ்டிக் கேன்கள் போதும் என்றாய். "உள்ள என்ன இருக்குன்னு வெளிய இருந்தே தெரியும்."

அடுத்த வருடம் போனோம். வழியெல்லாம் ஹோட்டல்காரர்களை, பஞ்சர் ஒட்டுகிறவர்களை, சாலைப் பலகைகளையே நீ நம்பவில்லை. வடக்கே போகப்போக மொழி தெரியாத ஊர்களில் உன் சந்தேகம் இன்னும் கூர்மையானது. பாலைவனத்துக்குள் நுழைந்த மாலை, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாய். மணலைக் காலால் கிளறினாய்.

"தனுஷ்கோடி மாதிரியே இருக்குடி. கடலத்தான் காணோம். எங்கன ஒளிச்சு வச்சிருக்காக?"

எல்லையோர ரோட்டில் சோதனைச் சாவடி வந்தது. சீருடை போட்ட இளம்பெண் ஒருத்தி டிக்கியைத் திறந்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கையசைத்தாள். நீ நகரவில்லை. இறங்கிப்போய்ப் பின்சீட்டை நீயே தூக்கிக் காட்டினாய். கதவு அட்டையைத் தட்டிக் காட்டினாய். அவள் திகைத்துப் பார்த்தாள். "இதையெல்லாம் யாரும்மா பாக்குறது?" என்று தமிழிலேயே கேட்டாய். அவளுக்கு என்ன புரிந்ததோ, நிமிர்ந்து ஒரு சல்யூட் அடித்தாள். அந்தப் பயணத்தில் நீ வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அந்தச் சிரிப்பு இருந்த தைரியத்தில்தான், ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். நேர் ரோடு, எதிரே ஒரு வண்டியும் இல்லை.

"அந்த ஆபீசர்கிட்ட நீ பேசினத எங்கிட்ட ஏன் சொல்லல?"

நீ ஜன்னலைக் கொஞ்சம் ஏற்றினாய்.

"என்னையும் சந்தேகப்பட்டியா?" என்றேன்.

"ஆமா."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். எனக்குக் கண் மறைத்தது. வண்டியை ஓரம் கட்டினேன். எட்டாம் வகுப்பிலிருந்து பழகியவள், என்னையா என்றேன். வண்டி உன்னுடையது, அவனைக் கும்பிட்டு உள்ளே விட்டவள் நீ, வேறு யாரைச் சந்தேகப்படுவேன் என்றாய். நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று பதிலுக்கு வீசினேன். உனக்கு வலிக்கட்டும் என்றுதான்.

"தெரியும். சோறு போடுறப்ப உன் கரண்டி நடுங்குச்சு" என்றாய்.

மணல் காற்று வந்து கண்ணாடியில் சரசரத்தது. பிறகு நீ, முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாய். "சந்தேகப்பட்டேன்தான். ஆனா அன்னைக்கும் உன் வீட்டுலதான சாப்பிட்டேன்."

நான் வண்டியை எடுத்தேன்.

மீதிப் பிள்ளைகளுக்குக் கருவி வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் நீ போய் நின்று பெயரைச் சொல்லிப் பார்த்தாய். தலைமையாசிரியை உனக்கு டீ கொடுத்தார். போன ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் ஊசி மருந்துக் குப்பியை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாய். அடுத்த நாள் விடிவதற்குள் நீ இல்லை. உன் மகன் போன் செய்தபோது, உண்மையாகவா, நன்றாகப் பார்த்தாயா என்று அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

இந்த வருடமும் ராலி இருக்கிறது. உன் இடத்துக்குப் பரமக்குடியிலிருந்து ஒருத்தி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கல்பனா என்று பெயர். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், லைசென்ஸ் வைத்திருக்கிறாள். தேவைக்கு மேல் சிரிக்கிறாள். எதைக் கேட்டாலும் உடனே சரி என்கிறாள். எதற்காக வருகிறாய் என்று கேட்டால் சும்மாதான் என்கிறாள். சும்மா யார் பாலைவனத்துக்கு வருவார்கள்? பரமக்குடியில் தெரிந்தவர்களிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் தகவல் வரவில்லை. அவளை நான் துளியும் நம்பவில்லை.

நாளை மதியம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். மீன் குழம்புதான்.